காசின் மேல் ஓர் எழுத்து



1909ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவில் புதிய ஒரு சென்ட் நாணயம் வெளிவந்தது. ஆபிரகாம் லிங்கன் பிறந்து நூறாண்டு நிறைந்ததையொட்டி வந்த காசு அது. முகப்பில் லிங்கனின் பக்கவாட்டு முகம், பின்புறத்தில் இரண்டு கோதுமைக் கதிர்கள். அதை வடிவமைத்த சிற்பி விக்டர் டேவிட் பிரென்னர், தம் பெயரின் முதலெழுத்துகளை, வி.டி.பி. என்று பின்புறத்தின் அடியில் பொறித்திருந்தார். நாட்டின் நாணயத்தில் ஒருவர் தம் பெயரை இவ்வளவு எடுப்பாகப் போட்டுக்கொள்வதா என்று எதிர்ப்பு கிளம்பியது. சில நாட்களுக்குள் அந்த மூன்று எழுத்துகளையும் எடுத்துவிடும்படி உத்தரவு வந்துவிட்டது. அதற்குள் பிலடெல்பியா நாணயச்சாலை 2,79,95,000 காசுகளை அடித்து முடித்திருந்தது. சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலை அடித்தவை 4,84,000 மட்டும்.

இரண்டு ஊர்க் காசுக்கும் உலோகம் ஒன்று, எடை ஒன்று, வடிவம் ஒன்று. சான் பிரான்சிஸ்கோ காசில் மட்டும் ஆண்டுக்குக் கீழே 'எஸ்' என்று ஒரு சின்ன எழுத்து இருக்கும். பிலடெல்பியாவின் காசு இன்று பத்திருபது டாலருக்குக் கிடைக்கிறது. 'எஸ்' போட்ட காசு, நன்றாகத் தேய்ந்து போயிருந்தாலும், பல நூறு டாலருக்கு விற்கிறது. அந்த எழுத்தின் உயரம் ஒரு எள்ளின் அளவுகூட வராது. அதற்கு ஏன் இவ்வளவு விலை? இன்று நான் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

எண்ணிக்கை குறைவு, அதனால் விலை அதிகம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். லிங்கன் காசைப் பொறுத்தவரை முதல் பார்வைக்கு அந்த விடை போதும் என்று தோன்றும். ஆனால் மின்ட் மார்க், அதாவது நாணயச்சாலைக் குறி, சேகரிப்பில் நெடுநாள் ஊறியவர்களைக் கேட்டுப் பாருங்கள், எண்ணிக்கையை மட்டும் நம்பியவர்கள் ஏமாந்த கதைகளைத்தான் முதலில் சொல்வார்கள். எத்தனை அடித்தார்கள் என்பது பதிவேட்டில் இருக்கிறது. எத்தனை தப்பிப் பிழைத்தன என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அந்த இரண்டாவது கணக்கில்தான் விலை இருக்கிறது. அதைத் தீர்மானித்தது பெரும்பாலும், அந்தக் காலத்தில் யாரும் குறியைக் கவனிக்கவில்லை என்ற காரணம்.

முதலில் இந்தக் குறி எதற்காக வந்தது என்று பார்ப்போம். சேகரிப்பவர்களுக்காக எந்த அரசும் குறி போடவில்லை. தவறு நடந்தால் யாரைப் பிடிப்பது என்று தெரிய வேண்டும், அதற்காகத்தான் போட்டார்கள். காசு பொன்னாகவும் வெள்ளியாகவும் இருந்த காலத்தில் ஒரு குன்றிமணி எடை குறைந்தாலும் அது திருட்டு. ஒரே நாட்டில் பல ஊர்களில் காசு அடிக்கும்போது, மாற்றுக் குறைந்த காசு எந்த ஊர்ச் சாலையிலிருந்து வந்தது என்று காசே சொல்ல வேண்டும். பிற்கால ரோமானியக் காசுகளில் நகரப் பெயரின் எழுத்துகள் உண்டு. பிரான்சில் 1540இல் முதலாம் பிரான்சிஸ் ஒவ்வொரு நாணயச்சாலைக்கும் ஓர் எழுத்து என்று ஒதுக்கினார். பாரிசுக்கு 'ஏ'.

நம் ஊரிலும் இதற்கு அருமையான சான்று இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் தென்னகத்துச் சந்தைகளில் புழங்கிய வெள்ளி ரூபாய், ஆற்காட்டு ரூபாய். முகலாயப் பேரரசர் பெயரும் ஆற்காடு என்ற ஊர்ப்பெயரும் பாரசீக எழுத்தில் அதில் இருக்கும். ஆனால் ஆற்காட்டில் மட்டுமே அது அடிக்கப்படவில்லை. சென்னையில் ஆங்கிலேயக் கம்பெனி அடித்தது, புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் அடித்தார்கள். எல்லாவற்றிலும் ஊர்ப்பெயர் ஆற்காடுதான். பிரித்துச் சொல்லும் அடையாளம் எழுத்துகளுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்னச் சித்திரம். தாமரை இருந்தால் சென்னை, பிறை இருந்தால் புதுச்சேரி. காசு மாற்றும் சராப்புக் கடைக்காரர்கள் அந்தச் சித்திரத்தைப் பார்த்துத்தான் எந்தக் காசுக்கு எவ்வளவு வட்டம் பிடிப்பது என்று முடிவு செய்தார்கள். ஆக, மின்ட் மார்க்கைப் பார்த்துக் காசுக்கு விலை வைத்த முதல் ஆட்கள் சேகரிப்பாளர்கள் அல்லர், சராப்புகள். அவர்கள் பார்த்தது அடித்தவரின் நம்பகத்தை. பின்னால் வந்தவர்கள் பார்த்தது வேறொன்றை. அந்த மாற்றம் எப்போது நடந்தது என்று மிகத் தெளிவாகக் காட்டக்கூடிய நாடு அமெரிக்கா. அதனால்தான் இன்று அங்கே அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

அமெரிக்காவின் முதல் நாணயச்சாலை பிலடெல்பியாவில் 1792இல் ஏற்பட்டது. அது தாய்ச்சாலை என்பதால் அதன் காசுக்கு அப்போது குறி இருக்கவில்லை. ஜார்ஜியாவிலும் வட கரோலினாவிலும் தங்கம் கிடைக்கத் தொடங்கியதும், வெட்டிய தங்கத்தைப் பிலடெல்பியாவுக்கு அவ்வளவு தூரம் சுமந்து போவதா என்ற கேள்வி வந்தது. 1835ஆம் ஆண்டுச் சட்டம் டலோனிகா, சார்லட், நியூ ஆர்லியன்ஸ் ஆகிய மூன்று ஊர்களில் கிளைச்சாலைகளை ஏற்படுத்தியது. 1838 முதல் டலோனிகாவுக்கு 'டி', சார்லட்டுக்கு 'சி', நியூ ஆர்லியன்சுக்கு 'ஓ'. கலிபோர்னியாவில் தங்க வேட்டை நடந்தபின், 1854இல் சான் பிரான்சிஸ்கோவுக்கு 'எஸ்'. நெவாடாவில் 1859இல் காம்ஸ்டாக் வெள்ளிச் சுரங்கம் தெரிய வந்தது, 1870இல் அதன் அருகே கார்சன் சிட்டியில் ஒரு சாலை திறந்தார்கள். அதற்கு 'சி.சி.', அதாவது இரண்டெழுத்துக் குறி. 1906இல் டென்வர் வந்தபோது பழைய 'டி' அதற்குப் போனது. டலோனிகா உள்நாட்டுப் போரோடு 1861இல் மூடிவிட்டதால் குழப்பம் இல்லை, ஆண்டைப் பார்த்தாலே எந்த 'டி' என்று தெரிந்துவிடும்.

எல்லா ஊருக்கும் அச்சுகள் பிலடெல்பியாவிலேயே செய்யப்பட்டன. அனுப்புவதற்கு முன் ஒரு தொழிலாளி கையில் உளியச்சும் சுத்தியும் எடுத்து, அந்த ஊரின் எழுத்தை அச்சில் தட்டிப் பதிப்பார். இந்தக் கைவேலையை நினைவில் வையுங்கள், பிறகு இதற்கு வருவோம். ஆண்டுதோறும் ஒரு குழு கூடி, ஒவ்வொரு சாலையும் எடுத்து வைத்த மாதிரிக் காசுகளை எடை போட்டு, உருக்கி, மாற்றுப் பார்த்தது. அந்தச் சோதனைக் குழு 1980 வரை இருந்தது. குறி என்பது அந்தக் குழுவுக்கான முகவரி. பொதுமக்கள் அதைப் பார்க்கவேண்டிய தேவையே இல்லை, அவர்கள் பார்க்கவும் இல்லை.

சேகரிப்பாளர்களும் பார்க்கவில்லை என்பதுதான் வியப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கச் சேகரிப்பாளருக்கு ஆண்டுதான் முக்கியம். வருடத்துக்கு ஒரு காசு வேண்டும், அவ்வளவுதான். பிலடெல்பியாவுக்குப் பணம் அனுப்பினால் கண்ணாடி போல மெருகிட்ட ப்ரூஃப் காசு வந்துவிடும். அதே வடிவத்தில் 'எஸ்' போட்ட இன்னொன்று எதற்கு என்று நினைத்தார்கள். மேற்கில், சுரங்க ஊர்களிலும் துறைமுகங்களிலும், காசு கூலியாகக் கொடுக்கப்பட்டது, செலவானது, தேய்ந்தது. எடுத்து வைக்க அங்கே ஆளில்லை.

1893இல் அகஸ்டஸ் ஹீட்டன் என்பவர் கிளைச்சாலைக் காசுகளைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அவர் ஓவியர், கொலம்பஸைப் பற்றி அவர் வரைந்த ஓவியம் வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தில் இருக்கிறது. பிறகு அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் தலைவராகவும் ஆனார். குறியோடு சேகரித்தால் என்னென்ன கவர்ச்சி உண்டு என்று அந்நூலில் வரிசைப்படுத்தி எழுதி, எந்தக் குறி எந்த ஆண்டில் அரிது என்றும் சொன்னார். ஒருவகையில் புதிய வேட்டைக்காட்டின் வரைபடம் அது. உடனே எல்லாரும் மாறிவிடவில்லை. ஆனால் அதற்குப் பின் இந்தத் துறையில் குறியைப் பார்க்காமல் காசு வாங்குவது மெல்ல மெல்ல நின்றது.

அதே 1893ஆம் ஆண்டைச் சற்று உற்றுப் பாருங்கள். அமெரிக்காவில் அது பெரும் பொருளாதார வீழ்ச்சியின் ஆண்டு. வங்கிகள் திவாலாயின. அரசு கட்டாயமாக வெள்ளி வாங்கவேண்டும் என்ற சட்டம் அந்த ஆண்டே நீக்கப்பட்டது. கார்சன் சிட்டி சாலையில் காசு அடிப்பது அந்த ஆண்டோடு நின்றது. சான் பிரான்சிஸ்கோவில் அந்த ஆண்டு அடித்த வெள்ளி டாலர் 1,00,000 மட்டும். மார்கன் டாலர் என்று சேகரிப்பாளர் அழைக்கும் அந்த வரிசையில், புழக்கத்துக்காக அடித்தவற்றுள் இதைவிடக் குறைந்த எண்ணிக்கை இல்லை. இன்று தேய்ந்த 1893 'எஸ்' டாலருக்கே ஆயிரக்கணக்கில் கொடுக்கவேண்டும், தேயாததற்குப் பல லட்சம் டாலர். குறியைப் பாருங்கள் என்று ஹீட்டன் எழுதி அச்சிட்ட அதே ஆண்டில் அந்த டாலர் வெளிவந்தது. அன்று அதன் விலை ஒரு டாலர். எடுத்து வைத்தவர் மிகச் சிலர்.

இப்போது எண்ணிக்கைக் கணக்கைக் கவிழ்க்கும் ஒரு சான்றுக்கு வருகிறேன். என் பார்வையில் இதைவிடத் தெளிவான பாடம் இத்துறையில் இல்லை.

1884ஆம் ஆண்டு. சான் பிரான்சிஸ்கோ 32,00,000 டாலர் காசுகள் அடித்தது. கார்சன் சிட்டி 11,36,000 அடித்தது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் கார்சன் சிட்டி காசுதான் மும்மடங்கு அரிது. நடந்தது நேர்மாறு. சான் பிரான்சிஸ்கோவின் காசுகள் மக்களிடம் போய்ப் புழங்கித் தேய்ந்தன. தேய்ந்த காசு இன்றும் மலிவாகக் கிடைக்கும். புழக்கத்தையே காணாத, முத்துப்போல் இருக்கும் 1884 'எஸ்' வேண்டுமென்றால் ஒரு வீட்டின் விலை கேட்பார்கள். கார்சன் சிட்டியின் காசுகளோ மூட்டை மூட்டையாகக் கருவூலத்துக்குப் போய் உறங்கின. 1964இல் அமெரிக்கக் கருவூலம் வெள்ளி டாலர் கொடுப்பதை நிறுத்திவிட்டு மிஞ்சியதை எண்ணிப் பார்த்தபோது, கிட்டத்தட்ட 29 லட்சம் காசுகள் இருந்தன, பெரும்பாலும் கார்சன் சிட்டிக் காசுகள். அவற்றில் 1884ஆம் ஆண்டுக் காசு மட்டும் 9,62,638. அடித்ததில் நூற்றுக்கு ஏறத்தாழ எண்பத்தைந்து, எண்பது ஆண்டு கழித்தும் கைபடாமல் இருந்தது. 1972 முதல் 1980 வரை அரசே அவற்றைத் தபாலில் விற்றது. கறுப்புப் பெட்டியில் வந்த அந்தக் காசுகள் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. சாதாரணச் சம்பளக்காரர் ஒருவர் சில மாதம் சேமித்தால் ஒன்று வாங்கிவிடலாம்.

அதே பெட்டகத்தில் 1889ஆம் ஆண்டுக் கார்சன் சிட்டி டாலர் எத்தனை இருந்தது தெரியுமா? ஒன்றே ஒன்று. அடித்தது மூன்றரை லட்சம். மற்றவை எங்கே? புழங்கித் தேய்ந்தன, இல்லையென்றால் உருக்கப்பட்டன. 1918இல் பிட்மன் சட்டம் என்று ஒன்று வந்தது. அதன்படி 27,02,32,722 வெள்ளி டாலர்களை உருக்கினார்கள். எந்த ஆண்டு, எந்தக் குறி என்று யாரும் குறித்து வைக்கவில்லை. வெள்ளிக்கு எடை பார்த்தால் போதும் என்ற காலம். அந்த உலைக்குள் எந்தக் குறி எவ்வளவு போனது என்பது இன்றுவரை சந்தை விலையை வைத்துத் திரும்பக் கணக்கிட வேண்டிய விஷயமாகவே இருக்கிறது.

பெட்டகம் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1903ஆம் ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் டாலர் சாட்சி. அடித்தது நாற்பத்துநான்கு லட்சத்துக்கு மேல். ஆனால் தேயாத காசு எங்கும் தென்படவில்லை, எல்லாம் உருகிப் போயிருக்கும் என்று எல்லாரும் நம்பினார்கள். விலைப்பட்டியல் ஆயிரம் டாலருக்கு மேல் போட்டது. 1962இன் கடைசி மாதங்களில், கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுப்பதற்குப் பலர் வெள்ளி டாலர் கேட்டார்கள். பிலடெல்பியாவின் ஒரு நிலவறையிலிருந்து மூட்டைகள் வெளியே வந்தன. பிரித்துப் பார்த்தால் 1903 'ஓ', ஆயிரக்கணக்கில். சில வாரங்களில் அதன் விலை சில பத்து டாலருக்கு இறங்கியது. அந்த விலையை நம்பி வாங்கி வைத்திருந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். காசு மாறவில்லை, அடித்த எண்ணிக்கை மாறவில்லை. பிழைத்த எண்ணிக்கை பற்றிய அறிவுதான் மாறியது.

சேகரிப்பாளர் தேடும் குறிகளில் வேறு ஒரு வகையும் உண்டு. தொழிற்கூடத்தின் வேலை எப்படி நடந்தது என்பதைக் காட்டிக்கொடுப்பவை அவை. 1922இல் அமெரிக்காவில் ஒரு சென்ட் காசு அடித்த ஒரே ஊர் டென்வர். அதனால் அந்த ஆண்டின் ஒவ்வொரு காசிலும் 'டி' இருந்தே ஆகவேண்டும். ஆனால் 'டி' இல்லாத காசுகள் இருக்கின்றன. அச்சுகளை அளவுக்கு மீறி ஓட்டினார்கள். அழுக்கும் எண்ணெயும் சேர்ந்து எழுத்துக்குழி அடைந்தது, அச்சும் தேய்ந்தது, 'டி' மெல்ல மங்கி மறைந்தது. குறி இல்லாததால் விலை கூடிய காசு அது. இதுவும் ஓர் ஆவணம்தான். தேவை மிஞ்சிப்போய், பழுதான அச்சையும் விடாமல் ஓட்டிய ஒரு பட்டறையின் ஆவணம்.

1916இல் டென்வர் அடித்த பத்து சென்ட் காசுக்கும் இப்படி ஒரு வேலைக் கதை உண்டு. புதிய வடிவம் தொடங்கியிருந்தது. இருபத்தைந்து சென்ட் காசுக்குத் தட்டுப்பாடு வந்ததால், பத்து சென்ட்டை நிறுத்திவிட்டு அதை அடியுங்கள் என்று மேலிடம் சொல்லிவிட்டது. நின்றபோது கணக்கில் இருந்தது 2,64,000. அந்த வரிசையைச் சேர்ப்பவர்கள் எல்லாருக்கும் கடைசியாக மீதமிருக்கும் காசு அதுதான்.

'மீதமிருக்கும் காசு' என்றேனே, அதன் பின்னால் ஓர் அட்டை இருக்கிறது. 1930களில், பொருளாதார மந்தத்தின்போது, காசு செருகும் துளை போட்ட அட்டைகள் கடைகளில் விற்கத் தொடங்கின. ஒவ்வொரு துளையின் கீழும் ஆண்டும் குறியும் அச்சிட்டிருக்கும். வேலையில்லாதவரும் பள்ளிச் சிறுவரும் கைக்கு வரும் சில்லறையைப் புரட்டிப் புரட்டித் துளைகளை நிரப்பினார்கள். செலவே இல்லாத பொழுதுபோக்கு அது. எல்லாத் துளையும் நிரம்பியபின் 1909 'எஸ்' வி.டி.பி. துளை மட்டும் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அதை மூடவேண்டும் என்ற ஆசை லட்சக்கணக்கான பேருக்கு ஒரே நேரத்தில் வந்தது. அந்தக் காசைவிட எண்ணிக்கையில் குறைந்த காசுகள் அமெரிக்காவிலேயே எத்தனையோ உண்டு, அவற்றை யாரும் இந்த விலைக்குக் கேட்பதில்லை, ஏனென்றால் அவற்றுக்குத் துளை இல்லை. அரிதாயிருப்பது விலையின் ஒரு பாதி, தேடுவோர் கூட்டம் மறுபாதி.

இந்தக் கூட்டத்தைக் கண்டு அரசே எரிச்சல் அடைந்ததுண்டு. 1960களின் நடுவில் அமெரிக்காவில் கடுமையான சில்லறைத் தட்டுப்பாடு. வெள்ளி விலை ஏறியதால் வெள்ளிக் காசை மக்கள் பதுக்கினார்கள். அதிகாரிகள் சேகரிப்பாளர் மேல் குற்றம் சுமத்தினார்கள். 1965, 1966, 1967 ஆகிய மூன்று ஆண்டுக் காசுகளிலும் குறியே போடவில்லை. எந்த ஊர்க் காசு என்று தெரியாவிட்டால் யாரும் எடுத்து வைக்கமாட்டார்கள் என்று கணக்குப் போட்டார்கள். 1968இல் குறி திரும்ப வந்தது. சேகரிப்பாளரைத் திட்டியது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. வெள்ளியின் விலை காசின் முகவிலையைத் தொடும்போது எந்த நாட்டிலும் எந்தக் குடும்பத்திலும் அந்தக் காசு அலமாரிக்குள் போய்விடும்.

போர்க்காலம் தந்த குறி ஒன்றையும் சொல்லவேண்டும். 1942இல் நிக்கல் போர்த்தளவாடங்களுக்குத் தேவைப்பட்டது. ஐந்து சென்ட் காசிலிருந்து நிக்கலை எடுத்துவிட்டு, செம்போடு முப்பத்தைந்து விழுக்காடு வெள்ளியும் கொஞ்சம் மாங்கனீசும் சேர்த்தார்கள். போர் முடிந்தபின் இந்தக் காசுகளைப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கும் என்பதால், பின்புறத்தில் கட்டடத்தின் கும்மட்டத்துக்கு மேல் பெரிய எழுத்தில் குறியைப் போட்டார்கள். பிலடெல்பியா தன் 'பி' எழுத்தை முதன்முதலாகப் பொறித்தது அப்போதுதான், நூற்றைம்பது ஆண்டு காசு அடித்தபின்.

2019இல் அமெரிக்க நாணயச்சாலை தானாகவே ஓர் அரிதை உண்டாக்கியது. வெஸ்ட் பாயின்ட் சாலையின் 'டபிள்யூ' குறியோடு இருபத்தைந்து சென்ட் காசுகளை, வடிவத்துக்கு இருபது லட்சம் வீதம், யாரிடமும் விற்காமல் சில்லறையோடு கலந்து புழக்கத்தில் விட்டது. இளைஞர்கள் சில்லறையைத் திரும்பிப் பார்க்கவேண்டும் என்ற நோக்கம் நல்லதுதான். ஆனால் என் கணிப்பு இது: 1884 'எஸ்' அடைந்த இடத்தை இந்தக் காசு அடையாது. கண்டவர் எல்லாரும் கண்ட அன்றே பொட்டலம் கட்டிப் பத்திரப்படுத்திவிட்டார்கள். எல்லாரும் காப்பாற்றிய காசு நூறாண்டு கழித்தும் ஏராளமாக இருக்கும்.

விலை இருக்கும் இடத்துக்குப் போலி வந்தே தீரும். பிலடெல்பியாவின் மலிவான வி.டி.பி. காசில் 'எஸ்' ஒட்டுகிறார்கள். 1916ஆம் ஆண்டின் குறியில்லாக் காசில் 'டி' ஒட்டுகிறார்கள். 1922இன் 'டி' எழுத்தைச் சுரண்டி எடுக்கிறார்கள். இங்கேதான் அந்தத் தொழிலாளியின் உளியச்சு நமக்குத் துணைக்கு வருகிறது. கையால் தட்டிய எழுத்து எந்த இரண்டு அச்சிலும் ஒரே இடத்தில், ஒரே சாய்வில் விழாது. 1909இல் சான் பிரான்சிஸ்கோவில் வி.டி.பி. காசுக்குப் பயன்பட்ட முகப்பு அச்சுகள் நான்கு. அந்த நான்கிலும் 'எஸ்' எங்கே இருக்கிறது என்று ஆய்வாளர்கள் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். உங்கள் காசின் 'எஸ்' அந்த நான்கில் ஒன்றோடு பொருந்தாவிட்டால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒட்டிய எழுத்துதான்.

இனி நம் சட்டைப்பையில் இருக்கும் காசுக்கு வருவோம். இந்தியாவில் நான்கு நாணயச்சாலைகள். கொல்கத்தாவுக்குக் குறி கிடையாது, பழைய பிலடெல்பியாவைப் போல. மும்பைக்கு ஆண்டின் கீழே சாய்சதுர வடிவக் குறி. ஐதராபாத்துக்கு நட்சத்திரம். நொய்டாவுக்கு வட்டப்புள்ளி. ஐதராபாத் சாலை நிஜாம் ஏற்படுத்தியது, 1950இல் இந்திய அரசிடம் வந்தது. நொய்டா 1988இல் உற்பத்தியைத் தொடங்கியது. மும்பை தன் ப்ரூஃப் காசுகளில் 'பி' என்று போட்டு வந்தது, ஊர்ப்பெயர் மாறியபின் அது 'எம்' ஆனது. இரண்டாம் உலகப் போரின்போது தேவை பெருகி, 1943இல் லாகூரில் ஒரு சாலை திறந்தார்கள். அந்தச் சில ஆண்டு வெள்ளிக் காசுகளில் 'எல்' இருக்கும். பிரிவினைக்குப் பின் அந்த ஊர் வேறு நாடாகிவிட்டது. உங்கள் தாத்தா பாட்டி சேர்த்த பெட்டியில் ஒரு 'எல்' காசு இருந்தால் அதைத் தனியே எடுத்து வையுங்கள். விலைக்காகச் சொல்லவில்லை, கையில் பிடிக்கும் அளவில் வரலாறு அது.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சில்லறைத் தட்டுப்பாட்டைத் தீர்க்க வெளிநாட்டுச் சாலைகளிலும் இந்தியக் காசு அடிக்கப்பட்டது. மாஸ்கோ, மெக்சிகோ, ஸ்லோவாக்கியாவின் கிரெம்னிட்சா, கனடாவின் ஒட்டாவா, தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா என்று பல ஊர்களின் குறிகள் நம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய், பைசாக் காசுகளில் உண்டு. இவற்றைத் தேடிச் சேர்ப்பது செலவு குறைந்த, மிக நல்ல தொடக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன். ஓர் உலகப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு, நம் ரூபாய் எந்த ஊர்களில் பிறந்தது என்று புள்ளி வைத்துப் பார்க்கலாம்.

ஆனால் நட்சத்திரம் போட்ட ஒரு ரூபாய்க்கு ஐந்து லட்சம் என்று கைப்பேசியில் வருகிற காணொளிகளை நம்பாதீர்கள். ஐதராபாத் நம் பெரிய சாலைகளில் ஒன்று, அதன் நட்சத்திரம் கோடிக்கணக்கான காசுகளில் இருக்கிறது. குறி தனியாக எந்த விலையையும் தராது என்று இவ்வளவு நேரம் சொன்னேன். எந்த ஆண்டு, எந்த மதிப்பு, எந்த அளவு தேய்வு, பிழைத்தது எவ்வளவு, கேட்பவர் எத்தனை பேர் என்று எல்லாம் சேர்ந்துதான் விலை. பழைய காசை நல்ல விலைக்கு விற்றுத் தருகிறோம் என்று சிலர் தன் பெயரையே பயன்படுத்திக் கட்டணமும் வரியும் கேட்டு ஏமாற்றுகிறார்கள் என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி பொது எச்சரிக்கை வெளியிட வேண்டியிருந்தது. அப்படிக் கட்டணம் எதையும் தான் கேட்பதில்லை என்றும், தன் சார்பில் கேட்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை என்றும் அது தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

எனவே அவையோரிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள். வீட்டில் பழைய காசு இருந்தால் புளி போட்டோ சாம்பல் போட்டோ துலக்காதீர்கள். தேய்க்கும் ஒவ்வொரு தேய்ப்பிலும் அந்தச் சின்னக் குறியும், அதைச் சுற்றியிருக்கும் காசின் இயல்பான மேற்பரப்பும் போய்விடும். மறுபடி அதை யாராலும் கொண்டுவர முடியாது. விற்பதென்றால் காசோடு நேரில் போங்கள், ஒருவரிடம் மட்டும் கேட்காமல் இரண்டு மூன்று பேரிடம் விசாரியுங்கள். விற்பதற்கு முன்பே பணம் கட்டச் சொல்பவர் யாராக இருந்தாலும் அவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.